பட்டறிவா, மறைமொழியா: ஒழுக்கத்துக்கு எதை வழிகாட்டியாகக் கொள்வது?

இளந்தும்பி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. அறவியல் படிக்கிறவர்கள் சீக்கிரமே வந்து முட்டிக்கொள்கிற இடம் இது. விஷயத்தை உடைத்துச் சொல்லக்கூடியவர்கள் உதவுங்கள்.

அனுபவவாதிகள் சொல்வது: அறிவு முழுவதும் புலன்வழி அனுபவத்திலிருந்து வருகிறது, எது நல்லது என்பதையும் மனிதர்களைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சமயம் சொல்வது: நூற்றுக்கணக்கான தலைமுறைகள் வாழ்ந்து பார்த்துக் கொடுத்த ஞானம் இருக்கும்போது ஒரு தனி ஆளின் கண்ணும் காதும் எம்மாத்திரம்?

எனக்குச் சிக்கல் மூன்று. ஒன்று, 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' பிறக்காது, அதாவது நடப்பதைப் பார்த்து மட்டும் நடக்க வேண்டியதை முடிவு செய்ய முடியாது என்று சொன்னவரே அனுபவவாதியான டேவிட் ஹியூம்தான். அப்படியானால் அனுபவவாதம் தான் உட்கார்ந்த கிளையைத் தானே வெட்டிக்கொண்டதா? இரண்டு, சமயங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 'சமயம் சொல்கிறது' என்றால் எந்தச் சமயம்? மூன்று, நடைமுறை. ஒருவருக்குக் குணமாகாத புற்றுநோய். "அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துபோவார்" என்கிறது குடும்பம். மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வழிகாட்டிகளும் அந்த அறைக்குள் வந்தால் என்ன சொல்லும்? மேலோட்டமான பதில் வேண்டாம், படிப்படியாக வேண்டும்.

அளவைநூல்

இளந்தும்பி, உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

அனுபவவாதம் என்றதும் நாத்திகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. அனுபவவாதிகளில் முதல்வராகச் சொல்லப்படும் ஜான் லாக் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். சமயப் பொறை (மாற்று நம்பிக்கையாளரைச் சகித்துக்கொள்ளுதல்) பற்றி 1689இல் வெளிவந்த கடிதத்தில், கடவுளை மறுப்பவர்களை வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் கட்டுப்படுத்தாது, ஆகவே அவர்களுக்குப் பொறை காட்ட வேண்டியதில்லை என்று வாதிட்டார். 1695இல் இன்னும் ஒரு படி போய், பெரும்பாலான மக்களுக்கு அறத்தைப் பகுத்தறிவால் ஒவ்வொரு படியாக நிறுவிக்கொள்ள ஓய்வும் இல்லை, பயிற்சியும் இல்லை, வேதம்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும் என்றார். அடுத்து வந்த பெர்க்லி ஒரு பிஷப். சமயத்தை விட்டு விலகி அறத்தைக் கட்டிப் பார்த்தவர் மூன்றாமவரான ஹியூம் மட்டுமே.

1740இல் ஹியூம் சொன்னதை முழுதாகப் பார்க்க வேண்டும். எந்த அறநூல் ஆசிரியரை எடுத்தாலும் முதலில் கடவுள் இருக்கிறார் என்று நிறுவுகிறார், அல்லது மனிதர்களின் போக்கைப் பற்றிப் பேசுகிறார். அதுவரை எல்லா வாக்கியமும் 'இருக்கிறது, இல்லை' என்றே முடிகிறது. பிறகு சத்தமில்லாமல் 'வேண்டும், கூடாது' என்று மாறிவிடுகிறது. அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்றார். அவர் கொடுத்த இரண்டு எடுத்துக்காட்டுகளில் ஒன்று கடவுளைப் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'கடவுள் இதைக் கட்டளையிட்டார்' என்பதும் 'இருக்கிறது' வகை வாக்கியம்தான். அதிலிருந்து 'நான் இதைச் செய்ய வேண்டும்' வர, 'கடவுளின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும்' என்ற இன்னொரு முற்கோள் (வாதம் தொடங்கும் அடிப்படைக் கூற்று) தேவை. அந்த முற்கோள் எங்கிருந்து வந்தது? ஆகவே இந்தப் பள்ளம் இரண்டு பேர் வீட்டு வாசலிலும் இருக்கிறது.

சமயச் சிந்தனையாளர்களுக்கு இது தெரியாததல்ல. இஸ்லாத்தில் முஃதஸிலாக்கள் என்ற இறையியல் பிரிவினர், நன்மையும் தீமையும் தம்மளவிலேயே அப்படி இருப்பவை, அறிவால் அவற்றை அறியலாம் என்றார்கள். அஷ்அரிகள் என்ற எதிர்ப்பிரிவினர், இறைவன் கட்டளையிட்டதால்தான் ஒன்று நல்லதாகிறது என்றார்கள். பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் எழுப்பப்படும் கேள்வியும் இதுதான்.

ஹியூம் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு கடந்தார்? உணர்வைக் கொண்டு. பிறர் வலி நமக்குள் தொற்றிக்கொள்கிறது. ஆனால் அருகில் இருப்பவருக்காக அதிகமாகவும் தொலைவில் இருப்பவருக்காகக் குறைவாகவும் தொற்றுகிறது. இந்தச் சாய்வைத் திருத்த நாம் ஒரு பொதுப் பார்வைக்கு நகர்கிறோம், அந்த இடத்திலிருந்து பார்த்தே குணங்களைப் புகழ்கிறோம், பழிக்கிறோம் என்றார். 1751இல் நற்குணத்தை நான்கு வகையில் அடக்கினார்: தனக்குப் பயன்படுவது, பிறருக்குப் பயன்படுவது, தனக்கு இனிமை தருவது, பிறருக்கு இனிமை தருவது. இந்த நான்கில் எதிலும் சேராத நோன்பு, பிரம்மசரியம், உடலை வருத்துதல், தனிமை ஆகியவற்றைக் குற்றங்களின் பட்டியலுக்கே மாற்றினார்.

இது எங்கே உடைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹியூம் தன் நூலின் முடிவில் ஒரு புத்திசாலி அயோக்கியனைக் கொண்டுவருகிறார். நேர்மை பொதுவாக நல்ல கொள்கைதான் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். மாட்டிக்கொள்ளாத இடத்தில் மட்டும் ஏமாற்றுகிறான். இவனுக்குச் சொல்ல நிறைவான பதில் கிடைப்பது கடினம் என்று ஹியூமே ஒத்துக்கொள்கிறார். மனசாட்சி ஏற்கெனவே உள்ளவருக்கு அவர் கோட்பாடு விளக்கம் தருகிறது, இல்லாதவரை அது எட்டுவதில்லை. சமயம் இந்த இடத்தில் 'பார்த்துக்கொண்டிருக்கிறான் ஒருவன்' என்கிறது. அது உண்மையா என்பது வேறு விவாதம். ஆனால் மனசாட்சி இல்லாதவரையும் எட்ட ஏதோ ஒன்று தேவை என்பதைச் சமயம் கண்டுகொண்டது.

நம் மரபில் இந்தச் சண்டை வேறு பெயரில் நடந்தது: எத்தனை அளவைகள் (அறிவைப் பெறும் வழிகள்)? உலகாயதருக்குக் காட்சி, அதாவது நேரே புலனால் அறிவது, ஒன்றே. பௌத்த அளவையியலில் காட்சியும் கருத்தும் (ஊகித்து அறிவதும்). சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் மற்ற எல்லாவற்றையும் அடக்கியது. மணிமேகலையில் கண்ணால் கண்டது தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்கிற பூதவாதியிடம் காப்பிய நாயகி கேட்கும் ஒரு கேள்வி இன்றைக்கும் கூர்மை குறையாதது: உன் தாய் தந்தையை நீ எந்த அளவையால் அறிந்தாய்? வெறும் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட நகர முடியாது. ஆகவே உங்கள் தலைப்பை இப்படி மாற்றிக் கேட்பது பயன்தரும்: பிறர் சொல்லை எப்போது ஏற்கலாம், அது பிழையென்றால் எப்படித் தெரியவரும்?

நோய்முதல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நோயாளியிடம் சொல்வதா, மறைப்பதா என்பதில் இரண்டு வழிகாட்டிகளும் தடுமாறியிருக்கின்றன, இரண்டுமே உதவியும் இருக்கின்றன.

முதலில் சமயம். கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் கி.பி. 420 வாக்கில் ஏறக்குறைய இதே வழக்கை எடுக்கிறார். சாகக் கிடக்கும் ஒருவர் தன் ஒரே மகனைப் பற்றிக் கேட்கிறார், மகன் இறந்துவிட்டான், சொன்னால் இவர் உயிர் போய்விடும். அந்த வேதனை தன்னையும் உலுக்குகிறது என்று சொல்லிவிட்டு, அப்போதும் பொய் கூடாது என்றே முடிக்கிறார். இஸ்லாமிய மரபிலோ போர், பகைத்தவர்களைச் சேர்த்துவைத்தல், கணவன் மனைவி பேச்சு என்று மூன்று விதிவிலக்குகள் நபிமொழியில் உண்டு. திருக்குறள் 292 குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறது. ஆக, 'சமயம் பொய்யைத் தடுக்கிறது' என்று ஒரே வரியில் சொல்ல வழியில்லை.

குறளின் நிபந்தனையைக் கவனியுங்கள். நன்மை தரவேண்டும், அந்த நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. தருகிறதா இல்லையா என்பது பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இங்கேதான் பட்டறிவு உள்ளே வர வேண்டும்.

வந்ததா? 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் ஓகன் நடத்திய ஆய்வில் சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். காரணம் கேட்டபோது பெரும்பாலோர் காட்டியது தங்கள் மருத்துவ அனுபவத்தை. ஆனால் சொல்லிப்பார்த்து, விளைவைக் கவனித்து, ஒப்பிட்டுச் சேர்த்த அனுபவமாக அது இல்லை. 'சொன்னால் உடைந்துபோவார்' என்ற முன்முடிவு அனுபவம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. 1979இல் நோவாக் குழுவினர் மருத்துவர்களிடம் மீண்டும் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள். 18 ஆண்டுகளில் தலைகீழ். அனுபவத்தின் மேல் நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எதிர்மாறானதைச் செய்துபார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

மறைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஓரளவு நல்ல தரவு இருக்கிறது. பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய் உள்ள 917 பேரைப் பற்றி வீக்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதமாவது இருப்போம் என்று நம்பியவர்கள் ஆறுதல் சிகிச்சையைவிட ஆயுளை நீட்டும் கடுமையான சிகிச்சையை விரும்பும் வாய்ப்பு விகிதம் அப்படி நம்பாதவர்களைவிட 2.6 மடங்கு. அப்படி விரும்பியவர்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் இறப்பதும், நின்ற இதயத்தை இயக்கும் முயற்சிக்கு ஆளாவதும் கூடுதலாக நடந்தது. ஆறு மாத உயிர்வாழ்வில் முன்னேற்றம் எதுவும் இல்லை. நோயாளியின் கடைசி வாரங்களை எங்கே, யாருடன் கழிப்பது என்ற முடிவை இந்த மறைப்பு அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. குறள் கேட்கும் குற்றமற்ற நன்மை இங்கே கிடைப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லோரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாமா? அதுவும் தவறு. 1995இல் பிளாக்ஹால் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம், பரவிய புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியில் 87 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியில் 88, மெக்சிகோ வம்சாவளியில் 65, கொரிய வம்சாவளியில் 47 'ஆம்' என்றது. இந்த எண்களை வைத்து ஒருவரின் பரம்பரையைப் பார்த்து முடிவெடுப்பது இன்னொரு பிழை. கொரியர்களிலும் பாதிக்கு நெருக்கமானவர்கள் தெரிந்துகொள்ளவே விரும்பினார்கள். எண்கள் சொல்வது ஒன்றுதான்: எதிரில் இருப்பவரைக் கேட்காமல் தெரியாது.

கேட்பது எப்படி? 2000இல் புற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட ஆறு படி முறை பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. தனி அறை, உட்கார்ந்து பேசுதல், குறுக்கீடு வராமல் பார்த்தல், யார் உடன் இருக்க வேண்டும் என்று நோயாளியையே கேட்டல்: இது முதல் படி. இரண்டாவது, "உங்கள் உடம்புக்கு என்ன என்று இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று அவர் அறிந்ததைக் கேட்பது. பல நேரம் குடும்பம் மறைத்துக்கொண்டிருக்கும் செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது இந்தப் படியில் வெளியே வரும். மூன்றாவது படிதான் மொத்தத்துக்கும் அச்சாணி: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், நேரடியாக உங்களிடமே பேசட்டுமா, வேறு யாரிடமாவது பேச வேண்டுமா? அதற்கு அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதிவைக்க வேண்டும். நான்காவது, நல்ல செய்தி இல்லை என்று முன்கூட்டி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சிறு சிறு துண்டாக, மருத்துவச் சொற்கள் இல்லாமல் சொல்வது. ஐந்தாவது, உணர்ச்சிக்கு இடம் விட்டு வாயை மூடிக்கொள்வது. ஆறாவது, அடுத்து என்ன என்ற திட்டம்.

பிசகுவது பெரும்பாலும் மூன்றிலும் ஐந்திலும். மூன்றைத் தாண்டினால் கேட்காத செய்தியை ஒருவர் தலையில் கொட்டுகிறோம். ஐந்தைத் தாண்டினால், அதிர்ச்சியில் எதுவும் காதில் ஏறாத நேரத்தில் சிகிச்சைத் திட்டம் முழுவதையும் ஒப்பிக்கிறோம்; மறுநாள் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

குடும்பத்திடம் சொல்ல வேண்டியது: "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரைக் கேட்பேன். நீங்களும் உடன் இருங்கள்." குடும்பத்தின் அச்சம் அன்பிலிருந்து வருவது. அதை எதிரியாக நடத்தினால் மூன்று பேருக்கும் இழப்பு.

திருமுற்றம்

நோய்முதல் எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் ஒன்றைச் சேர்க்காவிட்டால் படம் கோணலாகிவிடும். எதிரில் இருப்பவரை ஏன் கேட்க வேண்டும்? கேட்டால் விளைவு நன்றாக இருக்கிறது என்பதால் மட்டுமா? நாளைக்கே ஓர் ஆய்வு, கேட்காமல் மறைத்தவர்கள் மூன்று வாரம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று காட்டினால் கேட்பதை நிறுத்திவிடுவோமா? மாட்டோம். அப்படி மாட்டோம் என்று சொல்ல வைப்பது எதுவோ, அது அளவீட்டிலிருந்து வரவில்லை.

கவனிப்பு மட்டும் தனியாக நின்றால் எங்கே போய் முடியும் என்பதற்கு அலபாமாவின் டஸ்கீகி ஆய்வு சாட்சி. 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) உள்ள 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் நிலையான சிகிச்சையான பிறகும் கொடுக்கவில்லை. அந்த ஆண்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், மனிதர்களாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாரை மனிதராக எண்ணுவது என்ற கேள்வியில் தத்துவவாதிகளின் பதிவு பெருமைப்படும்படி இல்லை. ஹியூம் 1753இல் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்: கறுப்பினத்தவர் இயல்பிலேயே வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று தாம் சந்தேகிப்பதாக. லாக் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். ஹியூமின் குறிப்பை 1770இல் மறுத்தவர் சமயத்தின் பக்கம் நின்ற ஜேம்ஸ் பீட்டி. அவர் மறுத்த விதம் முக்கியம்: இருக்கிற, இருந்த எல்லாக் கறுப்பினத்தவரையும் தெரிந்திருந்தால் ஒழிய இப்படிப் பொதுமைப்படுத்த ஒருவருக்கு உரிமை இல்லை. அனுபவவாதியிடம் அனுபவத்தின் கணக்கைக் கேட்டார்.

அதற்கு முன்பே, 1688இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். உனக்கு எதைப் பிறர் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே பிறருக்குச் செய், இனமும் நிறமும் பார்க்காதே. அப்படியிருக்க மனிதரை விற்பதும் வாங்குவதும் எப்படி? குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையிடம் போன மனு மாதக் கூட்டத்திலிருந்து காலாண்டுக் கூட்டத்துக்கும் அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் தள்ளப்பட்டுக் கிடப்பில் போடப்பட்டது. அடிமைகளை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல்தான். 88 ஆண்டு தாமதத்தை நான் மூடி மறைக்கவில்லை. அதே மறைநூலைக் காட்டியே அடிமைமுறையை நியாயப்படுத்தியவர்களும் ஏராளம். ஆனால் திருத்தம் மரபின் உள்ளிருந்தே, அதன் சொந்தக் கட்டளையைக் கொண்டே வந்தது.

'சமயம் கட்டளையிடும், பார்த்துத் திருத்திக்கொள்ளாது' என்பவர்கள் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயத்தைப் படிக்க வேண்டும். தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் துறவிகளுக்கு 227 விதிகள். ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு சம்பவத்திலிருந்து எழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது: இன்னது நடந்தது, புகார் வந்தது, விதி வகுக்கப்பட்டது, பிறகு வேறொன்று நடந்தது, விதி திருத்தப்பட்டது. மனித உயிரைப் பறிக்கக் கூடாது என்ற மூன்றாம் பாராஜிகத்தை (மீறினால் சங்கத்திலிருந்தே நீக்கும் விதியை) பாருங்கள். உடலின் அருவருப்பைத் தியானிக்கச் சொன்ன பிறகு, துறவிகள் பலர் உடலை வெறுத்து உயிரை விட்டார்கள். விதி வந்தது. அத்தோடு பயிற்சியும் மாறியது; மூச்சைக் கவனிக்கும் தியானம் கற்பிக்கப்பட்டது. அடுத்து, நோயுற்ற ஒரு இல்லறத்தானிடம் சிலர் சாவைப் புகழ்ந்து பேசி அவனைச் சாகத் தூண்டினார்கள். சாவைப் புகழ்வதும் தூண்டுவதும் விதிக்குள் சேர்ந்தன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லோரும் கூடி விதிகளை ஓதி, பிழை உள்ளவர் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இதைவிட ஒழுங்கான பிழைப்பதிவு எத்தனை நிறுவனங்களில் இருக்கிறது?

இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்து நின்றதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சிசிலி சாண்டர்ஸ். ஆழ்ந்த கிறிஸ்தவர், லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியவர். அதற்கு முன்பே வேறோர் இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வலிக்குறிப்புகளைச் சேர்த்தார். வலி வந்தபின் மார்ஃபின் கொடுக்கும் பழக்கத்துக்குப் பதில், வலி திரும்புமுன் கடிகாரப்படி வாய்வழியே கொடுத்தால் அளவு ஏறிக்கொண்டே போவதில்லை, அடிமையாகிவிடுவார் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை என்று பதிவுகளால் காட்டினார். சாகப்போகிறவரைக் கைவிடக் கூடாது என்பது அவருக்கு நம்பிக்கை தந்தது. எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதைக் குறிப்பேடு தந்தது.

இளந்தும்பி

மூவருக்கும் நன்றி. ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. நேருக்கு நேர் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? 'இரண்டும் வேண்டும்' என்பது மோதாத வரைக்கும்தானே சரி?

அளவைநூல்

மோதல் எந்த வாக்கியத்தில் நடக்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். எடுக்கவேண்டிய முடிவை ஒரே வரியில் எழுதுங்கள்: யார், யாருக்கு, எப்போது, என்ன செய்வது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கீழே எழுதி, 'இப்படி நடக்கும்' என்பவற்றை ஒரு பக்கமும், 'இது வேண்டும், கூடாது' என்பவற்றை மறுபக்கமும் பிரியுங்கள். பாதிச் சண்டை இந்தப் பிரிப்பிலேயே தீர்ந்துவிடும். "சொன்னால் சீக்கிரம் இறந்துவிடுவார்" என்பது அறம்போல ஒலிக்கும். அது வெறும் தகவல் கூற்று.

தகவல் பக்கத்தில் மோதினால் மரபு விட்டுக்கொடுக்க வேண்டும். இதை மரபின் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கீதை 18.66க்கு எழுதிய உரையில் சங்கரர், நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அவை பிரமாணமாகா என்கிறார். இயற்கையைப் பற்றி நம்பாதவருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயத்தில் வேதத்தைக் காட்டி உளறாதே என்று அகஸ்டின் தன் ஆட்களைக் கடிந்துகொள்கிறார்.

தகவலைச் சோதிக்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில், 506 சிறுவர்களை ஒத்த இணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒருவனை மட்டும் ஆலோசகர்களின் கவனிப்பில் விட்டார்கள்: வீட்டுக்குப் போய்ப் பார்த்தல், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம், சராசரியாக ஐந்து ஆண்டு. எந்தச் சமயமும் எந்தத் தத்துவமும் வாழ்த்தும் செயல். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். பதிவுகளோ, உதவி பெறாத இணையைவிட இவர்களிடம் மீண்டும் குற்றம் செய்தல், குடிநோயின் அறிகுறி, கடுமையான மனநோய், இளவயது இறப்பு ஆகியவை கூடுதல் என்றன. பயனாளியின் நன்றியும் செய்தவரின் நிறைவும் சான்றாகா. ஒப்பிட ஓர் இணை வேண்டும், போதிய காலம் வேண்டும்.

மறுபக்கத்தில், யாரைக் கணக்கில் சேர்ப்பது, எந்த வாக்கை மீறக் கூடாது என்பதில் மோதினால் எண்களுக்கு வாக்குரிமை இல்லை. இங்கே மரபை விசாரிக்க வேண்டிய முறை வேறு. இந்த விதி எந்தச் சூழலுக்கு எழுந்தது? உரையாசிரியர்கள் என்ன விதிவிலக்கு வைத்தார்கள்? இதன் சுமையை யார் சுமந்தார்கள், விதி வகுத்தபோது அவர்கள் அறையில் இருந்தார்களா? கடைசிக் கேள்வியில் தோற்கும் விதிகள் எல்லா மரபிலும் உண்டு. காலாமர்கள் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதை 'எதையும் நம்பாதே' என்று பாதியாக மேற்கோள் காட்டுகிறார்கள். மரபையும் மறைநூலையும் மட்டுமல்லாமல் வெறும் தர்க்கத்தையும் போதாது என்றுதான் அவர் தள்ளினார். தீங்கு தருகிறதா, அறிந்தோர் பழிக்கிறார்களா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

இன்னமும் இழுபறியென்றால், திருப்பிப் பெறக்கூடிய வழியை முதலில் எடுங்கள். எந்த நாளில் மறுபரிசீலனை என்று அப்போதே குறித்துவிடுங்கள். நோய்முதல் சொன்ன குடும்ப வழக்கில் 'இன்று சொல்லவில்லை' என்பது திருப்பக்கூடியது. 'கேட்டபோது பொய் சொன்னேன்' என்பதைத் திருப்ப முடியாது.

நடைவழி

எல்லோரும் எதை நம்புவது என்றே பேசுகிறீர்கள். தெரிந்தபடி நடப்பது தனிப் பிரச்சினை. 1973இல் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டனில் 40 இறையியல் மாணவர்களை ஓர் உரை நிகழ்த்த அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமினார். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45. தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10. பாதிப் பேர் பேசப் போனது வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றி ஏசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பற்றி; அது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தத்துவத்தின் பக்கமும் நிலைமை வேறில்லை. பெரும்பாலும் பேராசிரியர்களும் மேல்நிலை மாணவர்களுமே எடுக்கக்கூடிய அறவியல் நூல்கள், அதே வகையான மற்ற தத்துவ நூல்களைவிட நூலகங்களில் சுமார் 50 விழுக்காடு கூடுதலாகக் காணாமல் போயிருந்தன என்று 2009இல் ஷ்விட்ஸ்கெபல் காட்டினார்.

ஆகவே நோய்முதல் கொடுத்த ஆறு படியில் முதல் படியை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பேச்சை இரண்டு வேலைகளுக்கு நடுவில் செருகினால் மூன்றாம் படி கட்டாயம் விட்டுப்போகும். அரைமணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள், தொலைபேசியை வேறொருவரிடம் கொடுங்கள், பேசி முடித்து நீங்கள் வெளியேறிய பின் நோயாளியுடன் யார் உட்காருவார் என்பதை உள்ளே போகுமுன் முடிவு செய்யுங்கள். விடுமுறைக்கு முந்தின மாலையில் வேண்டவே வேண்டாம். கேள்விகள் இரவில்தான் எழும். மறுநாள் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.